வீடு வாங்கப் போகிறோம், மட்டக்களப்பு டவுனுக்குக் கிட்ட. பார்க்கத் தொடங்க முதல் என்ன செய்ய வேண்டும்?

வாடகைவீட்டுக்காரி | ஒக்டோபர் 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கல்லடியில் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரரின் மகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. வீடு அவளுக்குத்தான், சித்திரைக்குள் எழும்பித் தாருங்கள் என்றார். நல்ல மனிதர். கோபிக்க ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே போகும்.

எனக்கு அப்படி வந்திருக்க வேண்டிய வீடு நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குசினிப் படி இரண்டும் அத்திவாரமும்தான் மிச்சம். சுனாமிக்குப் பிறகு அம்மாவுக்குத் திராய்மடு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இப்போது தங்கச்சி குடும்பம் இருக்கிறது. அதில் நான் பங்கு கேட்கப் போவதில்லை. நாங்கள் வாங்கத்தான் வேண்டும்.

கையில் சேமிப்பு 34 இலட்சம். இவர் அரச பாடசாலை ஆசிரியர், வங்கியில் 45 இலட்சம் வரை பார்க்கலாம் என்கிறார்கள். நான் தனியார் நிறுவனத்தில் 13 வருடம், ஊழியர் சேமலாப நிதியில் இருபது இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல் கிடக்கிறது, ஆனால் அதில் ஒரு பங்குதான் இப்போது எடுக்கலாமாம். எப்படிக் கூட்டினாலும் 85 இலட்சத்தைத் தாண்டாது.

ஒரு புரோக்கர் தினமும் மூன்று வீடு போனில் அனுப்புகிறார். எல்லா வீடும் "மெயின் ரோட்டுக்குக் கிட்ட, வெள்ளம் வராது, கிளியர் உறுதி". இந்த ஞாயிறு நான்கு வீடு காட்டுகிறாராம். போக முதல் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஆரையம்பதி_மாமி | ஒக்டோபர் 9, இரவு 10.15

வெள்ளம் வராது என்று ஒக்டோபரில் எல்லோரும் சொல்லலாம் மகள். மார்கழியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள்.

பழைய_கிளாக்கர் | ஒக்டோபர் 10, காலை 6.05

தங்கச்சி, 22 வருடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் கிளாக்கராக இருந்தவன் சொல்கிறேன், ஞாயிறு போக வேண்டாம். வீட்டைக் கடைசியாகப் பாருங்கள். விறாந்தை பிடித்துவிட்டால், சாமி அறைக்கு இடம் பார்த்துவிட்டால், மறுகா எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் கண்ணுக்கு நல்லதாகத்தான் தெரியும்.

புரோக்கரிடம் முதலில் கேட்க வேண்டியது: உறுதிக் காணியா, பெர்மிட் காணியா, அளிப்புப் பத்திரமா? பெர்மிட் என்றால் அரச காணி, அதையே அரசு பிறகு நிரந்தரமாக எழுதிக் கொடுப்பதுதான் அளிப்புப் பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது, விற்றால் அந்த உறுதி செல்லாது. "எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்பார்கள். வாங்குகிறார்கள்தான். வங்கியில் கடன் கேட்கும் அன்றைக்குத்தான் அழுகிறார்கள்.

உறுதிக் காணி என்றால் உறுதியின் இலக்கத்தையும் பதிவு விபரத்தையும் வாங்கிக்கொண்டு காணிப் பதிவகத்தில் தேடல் செய்யுங்கள். மட்டக்களப்பு என்றால் இங்கே, கல்முனைப் பக்கம் என்றால் கல்முனையில். 30 வருடத்துக்கு எக்ஸ்ட்ராக்ட், அதாவது பதிவேட்டுப் பிரதி, எடுங்கள். யார் யாருக்கு எழுதினார்கள், ஈடு (அடமானம்) கிடக்கிறதா, வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா எல்லாம் அதில் வரும். ஒரு உறுதியை மூன்று பிரதியாக எழுதுவோம். ஒன்று உடையவரிடம், ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று பதிவகத்தில். ஆகவே "சண்டையில் உறுதி எரிந்து போயிற்று" என்று சொல்பவரைப் பொய்க்காரர் என்று நினைக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். பதிவகத்துப் பிரதி இருக்கும்.

எழுதிய கையோடு பதிய வேண்டும். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், பின்னால் வாங்கியவர் நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால் காணி அவருக்குத்தான். முந்தி எழுதினேன் என்று நீங்கள் நிற்க முடியாது.

இன்னொன்று. முதல் உறுதியே "வெளிப்படுத்தல் உறுதி" என்று தொடங்கினால் கொஞ்சம் நில்லுங்கள். பத்து வருடத்துக்கு மேல் நான் ஆண்டு வருகிறேன் என்று ஒருவர் தானே சொல்லித் தானே எழுதிய காகிதம் அது. சொன்னவர் உண்மையிலேயே ஆண்டிருக்கலாம், ஆளாமலும் இருந்திருக்கலாம். பக்கத்து வளவுக்காரரைக் கேட்டால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

காத்தான்குடி_மச்சான் | ஒக்டோபர் 10, காலை 8.30

ஐயா சொன்னது அத்தனையும் சரி. செலவைச் சொல்லவில்லையே? எங்கள் மச்சினன் வீட்டுக்காசை மட்டும் சேர்த்துக்கொண்டு போய் முத்திரைக் காசுக்கு அலைந்தான்.

பழைய_கிளாக்கர் | ஒக்டோபர் 10, காலை 8.52

விற்பனை உறுதிக்கு முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 85 இலட்சம் என்று வையுங்கள். 3,000 ரூபாயும் 3,36,000 ரூபாயும், மொத்தம் 3,39,000. வழக்கமாக வாங்குபவர்தான் கட்டுவது. நொத்தாரிசுக் கூலி, தேடல், சேவையர், வங்கியின் மதிப்பீட்டாளர், வங்கியின் சட்டத்தரணி எல்லாம் தனி. 85 கையில் இருந்தால் 78க்குத் தேடுங்கள். வீட்டுக்குள் போன பிறகு தண்ணீர் மோட்டர் மாற்றவும் காசு வேண்டும்.

உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம் என்று ஒருவர் வருவார். சரி என்று தலையாட்ட வேண்டாம். மாகாண இறைவரிக்காரர் தாங்களே மதிப்புப் போட்டு மிச்சத்தைக் கேட்கலாம். வங்கியும் உறுதியில் இருக்கிற விலையைத்தான் பார்க்கும்.

மருதமுனை_தறி | ஒக்டோபர் 10, பகல் 1.10

கடன் பற்றி ஒரு வார்த்தை. நான் 2021இல் மாறும் வட்டிக்கு எடுத்தேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. என் மாதத் தவணை 38,000இலிருந்து படிப்படியாக 60,000க்குக் கிட்டப் போனது. பெஞ்சாதியின் காப்பு இரண்டும் அந்த வருடம்தான் போயின. இப்போது வட்டி இறங்கியிருக்கிறது, சந்தோசம். ஆனால் மெனேஜரிடம் "நிலையான வட்டி எத்தனை வருடத்துக்கு, அதற்குப் பிறகு எதை வைத்துக் கணக்குப் பார்ப்பீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

சேமலாப நிதியில் வீட்டுக்கென்று 30 வீதம் முன்கூட்டி எடுக்கலாம். பத்து வருடச் சேவை வேண்டும், கணக்கில் மூன்று இலட்சமாவது இருக்க வேண்டும், 20 இலட்சத்துக்கு மேல் தரமாட்டார்கள். உங்களுக்கு ஆறு இலட்சம் போல வரும். எடுக்க நாளாகும். வீடு கிடைத்த பிறகு விண்ணப்பிப்போம் என்று இருந்துவிட வேண்டாம்.

யாழ்ப்பாணத்து_மருமகன் | ஒக்டோபர் 10, மாலை 5.25

பக்கத்துப் பங்குக்காரருக்கு முதலில் அறிவித்தல் கொடுத்தார்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பிறகு வழக்கு வைப்பார்கள். மனைவி பெயரில் உள்ள காணியென்றால் புருசனும் கையெழுத்துப் போட வேண்டும்.

பழைய_கிளாக்கர் | ஒக்டோபர் 10, மாலை 5.40

தம்பி, அது உங்கள் ஊர்ச் சட்டம். தேசவழமை இங்கே இல்லை. மட்டக்களப்பில் பெண் தன் பெயரில் உள்ள காணியைத் தன் கையெழுத்திலேயே விற்கலாம். பங்குக்காரர் முதலில் வாங்கும் அந்த முன்விலைக் கொள்வனவு உரிமையும் வடக்குக் காணிக்குத்தான்.

யாழ்ப்பாணத்து_மருமகன் | ஒக்டோபர் 10, மாலை 5.44

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை 😄 மாமனார் ஏன் என்னைக் கேட்காமலே வயலை விற்றார் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.

மேசன்_கை | ஒக்டோபர் 10, இரவு 8.00

கிளாக்கர் ஐயா வீட்டைக் கடைசியாகப் பார் என்கிறார். கடைசியாகப் பாருங்கள், ஆனால் பாருங்கள். ஒழுங்கான உறுதியோடு உளுத்த வீடு நிறைய இருக்கிறது.

ஓட்டு வீடென்றால் பகலில் உள்ளே நின்று மேலே பாருங்கள். ஓட்டைப் பார்க்க வேண்டாம், வளையும் கைமரமும் சுவரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். கறையான் அங்கேதான் தொடங்கும். சாவியின் நுனியால் குத்தினால் உள்ளே இறங்கக் கூடாது. கொங்கிறீற் பிளாட் கூரை என்றால் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி ஓடும் வரிசையிலேயே மண்ணிறக் கோடு விழுந்திருந்தால் கம்பி துருப்பிடித்து ஊதுகிறது என்று அர்த்தம். மேலே எவ்வளவு பூசினாலும் அது நிற்காது.

சுவரில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ற் செதில் செதிலாக எழும்பியிருக்கிறதா பாருங்கள். அந்த உயரத்துக்கு மட்டும் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தாலும் அதே நோய்தான், பவுடர் போட்டிருக்கிறார்கள்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்பார்கள். 10 பேர்ச் வளவு 2,722 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. உங்கள் குழியை ஒரு மூலையில் வைத்துக் கிணற்றை மறு மூலையில் வைத்தால் கணக்குச் சரிவரும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் குழி உங்கள் கிணற்றிலிருந்து 15 அடியில் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். எங்கள் மணலில் அது வடிகட்டாது. மதிலுக்கு மேலால் எட்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஆரையம்பதி_மாமி | ஒக்டோபர் 10, இரவு 8.40

தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது என்று கிணற்றைப் பார்க்காமல் விடக் கூடாது. குழாய் நிற்கிற நாளும் இருக்கும். ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வந்து பிளேன் ரீ போட்டுப் பாருங்கள். இரும்புத் தண்ணீர் என்றால் தேத்தண்ணீர் மை போலக் கறுக்கும். உவர் என்றால் நாக்குச் சொல்லும். தலைக்குச் சவர்க்காரம் போட்டால் நுரைக்கிறதா, அதுவும் ஒரு பரீட்சைதான்.

வெள்ளத்துக்கு விற்கிறவரைக் கேட்க வேண்டாம், முன்வீட்டுக் கிழவியைக் கேளுங்கள். "2011 தை மாதம் எவ்வளவு வந்தது?" என்று வருடத்தைச் சொல்லிக் கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவா. சும்மா "வெள்ளம் வருமா" என்றால் "வராது மகள்" என்றுதான் சொல்வா, அவவும் அயலை விட்டுக்கொடுக்கமாட்டா. அப்புறம், பாலமீன்மடுவில் வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டினால்தான் வாவித் தண்ணீர் இறங்கும். அது வரைக்கும் தண்ணீர் எந்த ஒழுங்கையில் நிற்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தம்பிலுவில்_பொடியன் | ஒக்டோபர் 11, காலை 7.15

எங்கள் பக்கம் சுனாமி வீட்டுத்திட்ட வீடுகள் விலைக்கு வரும், மற்றதை விட மலிவாக. பெரும்பாலும் வீடு கொடுத்தார்கள், காணிக் காகிதம் பிறகு என்றார்கள். பிறகு என்பது சில இடத்தில் இன்னும் வரவில்லை. 2024இல் உறுமய என்று அரச காணிக்கு முழு உரிமை கொடுக்கத் தொடங்கியபோது கொஞ்சப் பேர் விண்ணப்பித்தார்கள். கையில் காகிதம் வந்தவரிடம் வாங்கலாம், வரும் என்பவரிடம் வேண்டாம்.

கடற்கரைக்குக் கிட்ட என்றால் இன்னொன்றும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் புதிதாகக் கட்ட, பெருப்பிக்க அனுமதி எடுக்க வேண்டும். வீடு சின்னது, பிறகு ஒரு அறை இறக்கலாம் என்று திட்டம் போட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ரொறன்ரோ_மட்டுநகரான் | ஒக்டோபர் 11, காலை 9.50

நானும் கல்லடிப் பக்கம் ஒரு வீடு பார்க்கிறேன், ஓய்வுக்கு. புரோக்கர் ஒருவர் என் பெயரிலேயே எழுதலாம் என்கிறார். கனடாப் பாஸ்போட்தான் இருக்கிறது.

பழைய_கிளாக்கர் | ஒக்டோபர் 11, காலை 10.20

எழுத முடியாது தம்பி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி எழுத முடியாது. உரித்தாக வருவது வேறு. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துக்கொண்டு வாருங்கள். தம்பி முறையானவர் பெயரில் எழுதிவைக்கலாம் என்று அடுத்த யோசனை வரும். எத்தனை தம்பிமார் அப்படி அண்ணன்மாராக மாறினார்கள் என்று என் மேசைக்குத் தெரியும்.

காத்தான்குடி_மச்சான் | ஒக்டோபர் 11, காலை 10.31

டொலரோடு நீங்கள் வந்தால் இந்தத் தங்கச்சி 85 இலட்சத்தை வைத்துக்கொண்டு எங்கே போவா அண்ணன்? குறையாகச் சொல்லவில்லை. கல்லடியை விட்டு ஊறணி, சத்துருக்கொண்டான், தன்னாமுனைப் பக்கமும் பாருங்கள் தங்கச்சி. பஸ் இருக்கிறது, வளவும் கொஞ்சம் பெரிதாகக் கிடைக்கும்.

வாடகைவீட்டுக்காரி | ஒக்டோபர் 11, இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு போகவில்லை. புரோக்கரிடம் நான்கு வீட்டு உறுதியின் போட்டோக் கொப்பியும் அனுப்பச் சொன்னேன். இரண்டுதான் வந்தது. மற்ற இரண்டும் "ஓனர் கொழும்பில்".

ஒரு சந்தேகம். கடன் இவர் பெயரில்தான் வரும். அம்மா உறுதியை என் பெயரில் எழுதச் சொல்கிறா, மாமியார் இருவர் பெயரிலும் எழுதச் சொல்கிறா. வீட்டில் இரண்டு நாளாகக் கதை கொஞ்சம் சூடு.

ஆரையம்பதி_மாமி | ஒக்டோபர் 11, இரவு 9.20

பெண் பெயரில். இதில் என்ன கேள்வி.

யாழ்ப்பாணத்து_மருமகன் | ஒக்டோபர் 11, இரவு 9.31

வீடு பெஞ்சாதி பெயரில் இருக்கிற ஒருவன் சொல்கிறேன், ஒரு குறையும் இல்லை. கறண்ட் பில் மட்டும் என் கையில் தருவார்கள்.

பழைய_கிளாக்கர் | ஒக்டோபர் 12, காலை 6.10

வங்கியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஈடு வைப்பவர் காணிக்காரராக இருக்க வேண்டும், ஆகவே உங்கள் பெயரும் கடன் காகிதத்தில் வரும். இருவர் பெயரிலும் எழுதினால் முழு வீட்டையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் விற்கலாம். அதைச் சிலர் பாதுகாப்பு என்பார்கள், சிலர் கட்டு என்பார்கள். அந்தச் சண்டைக்குள் நான் வரமாட்டேன்.

ஆனால் பெண் பெயரில் வீடு எழுதும் ஊர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நன்கொடை உறுதியை, சீதன உறுதியைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். ஒரு குடும்பம் மகளிடமிருந்து வீடு வாங்கிப் பால் காய்ச்சி மூன்றாம் நாள், ஒரு மூதாட்டி பாயும் வெற்றிலைத் தட்டமுமாகப் படலையைத் திறந்து வந்து "இது என்ர அறை" என்று இருந்துவிட்டா. மூத்த மகள் வீட்டில் நின்றுவிட்டு வந்திருக்கிறா. மகளுக்கு நன்கொடை எழுதும்போது தான் சாகும் வரை இருக்கத் தனக்குச் சீவிய உரித்து வைத்துத்தான் எழுதியிருக்கிறா, வாங்கியவர்கள் அந்த வரியைப் பார்க்கவேயில்லை. எழுதியது எங்கள் இடத்தில் இல்லை, வாசித்துச் சொல்லத்தான் எங்களிடம் கொண்டு வந்தார்கள். வாசித்தோம், அவ சொன்னதுதான் சரி. ஆறு வருடம் அந்த அறையில் இருந்தா. அந்தப் பிள்ளைகள் அம்மம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். செத்தவீட்டையும் அவர்கள்தான் செய்தார்கள்.

விற்கிறவரின் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வாடகைவீட்டுக்காரி | டிசம்பர் 19, இரவு 8.15

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பதினொரு வீட்டுக் காகிதம் பார்த்து மூன்று வீட்டுக்குத்தான் நேரில் போனோம். ஒன்றில் மேசன் அண்ணன் சொன்ன மண்ணிறக் கோடு, ஹோல் முழுக்க. இன்னொன்றில் எக்ஸ்ட்ராக்டில் பாகப்பிரிவினை வழக்கு. பிடித்த வீடு ஊறணிப் பக்கம், 12 பேர்ச், ஓய்வுபெற்ற ஒரு ரீச்சருடையது, அவவின் தாய் தகப்பன் இருவரும் இல்லை, கேட்டேன். வெளிப்படுத்தல் உறுதி இல்லை, 1971இலிருந்து தொடர்ச்சி இருக்கிறது. 2009இல் வைத்த ஈடு மட்டும் பதிவகத்தில் இன்னும் திறந்தபடி கிடக்கிறது. கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டாவாம், மீட்பு உறுதியைப் பதிய மறந்துவிட்டா. வங்கியில் அதை எடுத்துப் பதியும் வரை அச்சவாரம் (முற்பணம்) கொடுக்கவில்லை.

போன கிழமை மூன்று நாள் மழை விடாமல் பெய்ததே, இரண்டாம் நாள் பின்னேரம் இவரும் நானும் குடையோடு போனோம். ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர். வளவுக்குள் பூவரசு மரத்தடி வரை வந்து நின்றது, விறாந்தைப் படி மூன்றும் வெளியே தெரிந்தது. முன்வீட்டு அம்மாவிடம் 2011ஐக் கேட்டேன். இரண்டாவது படியைக் காட்டினா.

கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீரும் போட்டேன் மாமி. நல்ல சிவப்பு!

ஆரையம்பதி_மாமி | டிசம்பர் 19, இரவு 8.50

மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான் மகள். புரட்டாதியில் அந்த ஒழுங்கைச் சனம் எங்கே அள்ளுகிறது என்று கேட்டாயா?

வாடகைவீட்டுக்காரி | டிசம்பர் 19, இரவு 9.02

கேட்டேன் மாமி. இந்தக் கிணற்றில்தானாம். பக்கத்து வீட்டார் வந்து அள்ள வேலியில் தனியாக ஒரு சின்னப் படலையே இருக்கிறது.

பழைய_கிளாக்கர் | டிசம்பர் 19, இரவு 9.06

அந்தப் படலை உறுதியில் இருக்கிறதா? வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு என்று எல்லை விபரத்துக்குக் கீழே ஒரு வரி வரும்.

வாடகைவீட்டுக்காரி | டிசம்பர் 19, இரவு 9.08

ஐயோ. கொப்பியைத் தேடுகிறேன், இருங்கள்.